இரட்டைப் பாய் முத்திரை

செய்கு அப்துல் காதிர் சான்று தேடித்தான் சென்னைக்கு வந்திருந்தார்.

காயல்பட்டினத்தில் யுஸ்ரா என்பவள் ‘இரட்டைப் பாய்’ முத்திரை போட்டுப் பனங்கற்கண்டு விற்கத் தொடங்கியிருந்தாள். செய்கு அப்துல் காதிரின் பாட்டனார் நூகுத்தம்பி கொழும்புக்குக் கப்பலேற்றிய பெட்டிகளில் இருந்த முத்திரை அது. கேட்டால், “அவங்க எங்க உம்மாவுக்கும் வாப்பாதான்” என்கிறாள். ஒரு கல்யாண வீட்டில், ஊரார் முன்னால், அவர் வெடித்துவிட்டார். “எங்க பாட்டனாருக்கும் உங்க மாணிக்க வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்க உம்மாவுக்கு வாப்பா யாருன்னு வேற எங்கயாவது போய்த் தேடு!”

சொன்ன சொல்லை மெய்ப்பித்து, அவள் முத்திரையை எதிர்த்து மனுப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் தெருவில் எப்படி நடப்பது?

ஆவணக் காப்பகத்தில் வேல்விழி என்ற அலுவலர், பழைய வணிக முத்திரைகள் ஒட்டிய தொகுப்பைக் கொண்டுவந்து வைத்தார். யானை, மயில், கடிகாரம், பூனை. மனைவி ஹாஜரா பீவிக்கு எல்லாமே வேடிக்கை.

“ஏங்க, இந்தப் பூனையப் பாருங்க. உங்களை மாதிரியே முறைக்குது.”

“சும்மா இரு.”

பக்கத்தைப் புரட்டினார். இரண்டு பாய் விரித்த தோணி. அதன் கீழே பாட்டனார் பெயர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா?”

ஹாஜரா பீவி முகவரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மாணிக்க வீடுன்னு போட்டிருக்கு. யுஸ்ரா வீடுல்லா?”

“சரக்கு வைக்க எடுத்திருப்பாங்க.”

“சரக்கு வைக்கவா! கல்யாணத்துக்குப் பிறகு நீங்க யார் வீட்டுல இருக்கிய?”

“உன் வீட்டுல.”

“நம்மூர்ல எல்லா ஆம்பளையும் பொண்டாட்டி வீட்டுலதான். உங்க பாட்டனாருக்கு, உங்க வாப்பாவோட உம்மாவைக் கட்டுறதுக்கு முன்னாடி, அங்கன ஒரு பொண்டாட்டி இருந்திருக்கா.”

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒரு புகைப்படம். அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் பாட்டனார். இடுப்பில் ஒரு சிறுமி. ஓரத்தில், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில், பாட்டனார் தம் கைப்பட எழுதியது: ‘நானும் என் மகள் செய்னம்புவும்.’

செய்னம்பு யுஸ்ராவின் தாய். இன்னும் உயிரோடிருப்பவர்.

வேல்விழி வந்தார். “எதிர்ப்பு மனுவுக்குன்னு சொன்னீங்களே, நகல் எடுக்கலாமா ஐயா?”

“மனு கிடையாதும்மா” என்றவர், எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து செல்பேசியை எடுத்தார்.

“யாரு?” என்றாள் யுஸ்ரா.

“செய்கு அப்துல் காதிர். உன் மாமா மகன்.”

“கல்யாண வீட்டுல அப்படிச் சொல்லலையே” என்றாள்.

“அன்னைக்குத் தெரியாமப் பேசினேன். தெரியாததைப் பேசினது பெரிய தப்பு. வெள்ளிக்கிழமை வாரேன். அன்னைக்குக் கேட்டவங்க எல்லாரையும் கூப்பிட்டு வை. அவங்க முன்னால செய்னம்பு மாமிகிட்ட மாப்புக் கேக்கணும்.”

வாப்பாவின் சகோதரி என்று ஒருவரை மாமி என அழைப்பது அவருக்கே புதிதாக இருந்தது.

யுஸ்ரா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “வாங்க மச்சான். கொஞ்சம் சத்தமாப் பேசணும். உம்மாவுக்குக் காது மந்தம்.”

“ஊருக்கே கேக்கப் பேசுறேன்” என்றார்.