மெர்வியின் காருக்கு நான்கு டயர்கள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். போன அக்டோபரில் ரௌனோவின் டயர் கடையில், அலமாரிக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். என் காருக்குக் குளிர்கால டயர் மாட்டியாகிவிட்டது. காப்பிதான் மிச்சம். மெர்வி உள்ளே வந்தாள். நான் இருப்பதை அவள் கவனிக்கவில்லை, ரௌனோ மறந்துவிட்டார். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பின்லாந்தின் வடக்கே, பனி மூடிய ஒரு சிற்றூரில்—"

(அடித்துவிட்டேன். பனி மூடியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.)

அடுத்து: "ரௌனோ பேராசைக்காரர். விற்காமல் கிடந்த சரக்கை அந்தப் பெண்ணின் தலையில் கட்ட—"

இப்படியே மூன்று பக்கம் எழுதினேன். எழுதச் சுகமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் கிடைத்துவிட்டால் துக்கத்துக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த மூன்று பக்கமும் பொய். பதினெட்டு வருஷமாக அந்தக் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கிறேன். ரௌனோ அப்படிப்பட்டவர் இல்லை.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

மெர்வியின் தங்கை யொன்னாவுக்கு வீடுவீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ் வேலை. காலையில் மாத்திரை, இன்சுலின் ஊசி, புண்ணுக்குக் கட்டு. ஏரியைச் சுற்றிப் போகிற காட்டுப் பாதையில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுவாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில் ரௌனோவின் கடைக்கு வந்து ஆணி டயர் கேட்டாள். ரப்பரில் சின்னச் சின்ன உலோக ஆணி பதித்தது. பனிக்கட்டியைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். வெறும் தார்ச்சாலையில் போனால் காதைப் பிய்க்கும்.

ரௌனோ வேண்டாம் என்றார். ஆணியில்லாத டயரின் ரப்பர் மெத்தென்று இருக்கும், கெட்டிப்பட்ட பனியில் நன்றாகவே ஒட்டிக்கொண்டு ஓடும். இங்கே நவம்பர் பிறந்தால் மைனஸ் இருபது. ஆணியெல்லாம் தெற்கே மழையிலும் சகதியிலும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் என்றார். முப்பத்தொரு வருஷ அனுபவத்தை வைத்துச் சொன்னார், மனதாரச் சொன்னார். யொன்னாவும் சிரித்துக்கொண்டே, நாளெல்லாம் அந்தக் கடகடச் சத்தம் இல்லாமல் வானொலியாவது கேட்கலாம் என்று ஆணியில்லாததையே மாட்டிக்கொண்டு போனாள்.

அந்த நவம்பரில் மழை பெய்தது. விடியும்போது குளிர் இறங்கிச் சாலையில் கண்ணாடிபோல் உறைந்தது. பார்த்தால் வெறும் ஈரமாகத்தான் தெரியும். பாலத்துக்கு முந்தைய வளைவில் யொன்னாவின் கார் வழுக்கிக்கொண்டு போய் ஏரிக்குள் இறங்கிவிட்டது. தபால்வண்டி ஓட்டுகிறவர்தான் முதலில் பார்த்தார். அவளுக்கு வயது முப்பத்தொன்று.

விசாரணை அறிக்கையில் வேகம் குறைவு, டயர் புதிது என்று எழுதியிருந்தது. ஆணி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல இயலாது என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வாக்கியம் ரௌனோவுக்கு மனப்பாடம்.

4

அதன் பிறகு யாருக்கும் எந்த டயர் என்று அவர் சொல்வதில்லை. இரண்டையும் எடுத்து முன்னால் வைத்துவிட்டு, உங்க இஷ்டம் என்பார். கடைக்காரன் நீயா, இல்லை நாங்களா என்று ஊரில் கேலி செய்தார்கள். சிரித்து வைப்பார். யொன்னாவின் அடக்கத்துக்குப் போனவர் பின்வரிசையில் நின்றார், எல்லோரும் காப்பிக்கு உட்காருமுன் கிளம்பிவிட்டார். ஆணி வேண்டாம் என்றது தான்தான் என்பதை மெர்வியிடம் சொல்லிவிடவேண்டும் என்று இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

(இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அவரே சொன்னார். அவர் சொல்லாத இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். பின்வரிசை என் நிரப்பல். திரும்பியது உண்மை.)

5

மெர்விக்கும் அதே நர்ஸ் வேலைதான், ஆனால் ஊருக்குள். தங்கை போன பிறகு ஏரிப் பாதைக்கு ஆள் கிடைக்கவில்லை. தற்காலிகமாக வந்தவர்கள் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. அங்கே இருக்கிற கிழவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு ஊசி போட்டாகவேண்டும். கடைசியில் மெர்வியே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டயர் கேட்டு வந்திருந்தாள்.

(இங்கே ஒரு சிக்கல். இந்த ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். தமிழில் அறுபத்திரண்டு வயதுக்காரரை அவள் 'நீ' என்றால் சண்டைக்கு வந்தவள்போல இருக்கிறது. அவள் சண்டைக்கு வரவில்லை. ஆகவே 'நீங்க' என்று மாற்றிவிட்டேன்.)

ரௌனோ வழக்கம்போல இரண்டு டயரையும் எடுத்து முன்னால் வைத்தார். மெர்வி இரண்டையும் பார்க்கவில்லை.

"யொன்னா ஆணி வேணும்னுதானே வந்தா?"

ரௌனோ கையுறையைக் கழற்றினார். ஒரு விரல், இன்னொரு விரல் என்று மெதுவாக.

"ஆமா. நான்தான் வேணாம்னேன்."

"தெரியும்."

"ரெண்டு தடவ உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன், மெர்வி."

"அதுவும் தெரியும். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கதவத் தெறக்கல." கார் சாவியை மேஜைமேல் வைத்தாள். "அன்னிக்கு இங்கேருந்தே எனக்குப் போன் பண்ணினா. ரௌனோ இப்படிச் சொல்றாரு, நான் என்னக்கா செய்யட்டும்னு கேட்டா. நான் மீட்டிங்ல இருந்தேன். ரௌனோ சொன்னா கேளு, அவருக்குத் தெரியாததான்னு வெச்சிட்டேன். நான் அவகிட்ட கடைசியாப் பேசுனது இல்ல அது. ஆனா எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு."

ரௌனோ டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். அழவில்லை. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப எனக்குச் சொல்லுங்க. அதே ரோடு. எதப் போடட்டும்?"

"என்னயக் கேக்காத."

"வேற யாரக் கேக்கறது? சொல்லுங்க, ரௌனோ. இந்தத் தடவ ரெண்டு பேருமாச் சேந்தே முடிவு பண்ணலாம்."

6

அப்போதுதான் நான் கோப்பையை வைத்தேன். சத்தம் கேட்டு இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

முடிவுகள் மூன்று எழுதிப்பார்த்தேன். ஒன்றில் ஆணி டயர். ஒன்றில் ஆணியில்லாதது. இன்னொன்றில் ரௌனோ விற்கவே மறுத்துவிடுகிறார்—

எந்த டயர் என்று எனக்குத் தெரியும். மெர்வியின் கார் தினமும் என் ஜன்னலுக்குக் கீழேதான் போகிறது. ஆணியின் சத்தம் கேட்கும், அல்லது கேட்காது. ஆனால் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆணி என்று எழுதினால் அன்று ரௌனோ சொன்னது தப்பு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஆணியில்லை என்றால், அவர் சொன்னது சரி, எல்லாம் விதி என்பீர்கள். நானும் இரண்டையும் சொல்லிப்பார்த்தவன்தான். இரண்டுமே அந்த அறிக்கையின் கடைசி வாக்கியத்தைத் தாண்டிப் போகவில்லை.

இதை எழுதலாமா என்று ரௌனோவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எழுது. ஆனா என்னய நல்லவனாக்கிடாத."

7

நவம்பர் பத்தொன்பது. விடியலிலிருந்து மழை. மதியத்துக்கு மேல் நின்று குளிர் இறங்கிவிட்டது. என் வாசற்படியில் கால் வழுக்கியது.

மெர்வி ஏரிப் பாதைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, அவள் திரும்புகிற நேரமான மூன்றரை மணிக்கு ரௌனோ கடைவாசலில் வந்து நிற்கிறார். அவள் கார் வரும், விளக்கை ஒரு தரம் அணைத்துப் போடுவாள். அவர் உள்ளே போய்விடுவார். கையசைப்பதுகூட இல்லை.

இப்போது நாலே கால். அவர் இன்னும் நிற்கிறார். தொப்பி இல்லாமல், சாலை வளைகிற பக்கமே பார்த்தபடி.

ஒரு வாக்கியம் எழுதினால் மெர்வி வந்துவிடுவாள். எழுதி வைத்திருக்கிறேன்: "வளைவில் இரண்டு விளக்குகள்—" அதை முடிக்கக் கை வரவில்லை. நீங்கள் முடியுங்கள். எனக்கு இப்போது நேரமில்லை. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன், அவர் பக்கத்தில் நிற்க.