கேப்டனம்மா தூங்குகிறாள்

படகுத்துறையில் ரகசியம் தங்காது. ஒரு படகுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு கை அகலம்தான் தண்ணீர். யார் வீட்டில் சண்டை, யார் அடுப்பில் எது தீய்ந்தது என்பதெல்லாம் காலை டீக்கு முன்பே துறை முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கேப்டனம்மா வாடகைக்கு ரூம் பார்க்கப் போன விஷயம் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. பக்கத்துப் படகு ரேடியோ அக்காவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் எவனாவது தும்மினால் இங்கிருந்தே ‘நூறு வயசு’ என்று வாழ்த்துகிறவள் அவள்.

கேப்டனின் குடும்பத்துக்கு அந்தப் பாய்மரப் படகுதான் வீடு, அதுவேதான் பிழைப்பு. வெயில் காலம் முழுக்க இந்த வடக்குத் துறையில் சுற்றுலாக்காரர்களை வாரக் கணக்கில் ஏற்றிக்கொண்டு சுற்றுவார்கள். வாடை தொடங்கியதும் தெற்குத் தீவுகளுக்குப் போய் அதையே செய்வார்கள். பறவைகூடக் கூட்டை விட்டுவிட்டுத்தான் பறக்கும். இவர்கள் கூட்டோடு கிளம்பிவிடுவார்கள்.

பின்பக்கத்து இரண்டு நல்ல அறைகளும் விருந்தாளிகளுக்கு. முன்னால் முக்கோணமாக ஒடுங்கும் அறையில் கேப்டன், கேப்டனம்மா, பதின்மூன்று வயது மகள் வாலு. மூன்று பேர் கால்களும் ஒரே மூலையில் முட்டும். சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மாலையில் அடுத்தது ஏறும். இடையில் எட்டு விரிப்பு, பதினாறு துண்டு, இரண்டு கழிப்பறை. இப்படியே இருபத்திரண்டு வாரம்.

கடைசிக் கூட்டம் இறங்கியபோது விருந்தாளிப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனது: “கேப்டனுக்கு நன்றி. சுட்டிப் பெண்ணுக்கு நன்றி. கூடவே நீந்திய டால்பின்களுக்கும் நன்றி.”

கேப்டனம்மா மூன்று முறை படித்தாள். டால்பினுக்குப் பின்னால்கூட அவள் இல்லை. ஏழு நாளும் மூன்று வேளையும் ஆடுகிற அடுப்பில் சமைத்துப் போட்டது எந்த டால்பின் என்று கேட்க நினைத்தாள். யாரைக் கேட்பது? அடுப்பு எரிகிற வரைக்கும் அடுப்பு இருப்பது யாருக்கும் தெரியாது. நானும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள். இந்த முறை தெற்கே போவதில்லை. மகளும் தானும் கரையில் இருப்பது, அவர் வேண்டுமானால் டால்பின்களோடு போகட்டும்.

ரூம் இரண்டு தெரு தள்ளி, ரொட்டிக் கடைக்கு மேலே. சொந்தக்காரி ஒரு நர்ஸ். காலை ஆறரை மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவியைக் கையில் திணித்தாள்.

“நல்லா பார்த்துக்கோங்க. பூட்டிட்டு சாவிய கீழ கடையில குடுத்துடுங்க. வேணுமா வேணாமான்னு மட்டும் இன்னைக்கே சொல்லிடணும், வேற ரெண்டு பேர் கேட்டிருக்காங்க.”

கேப்டனம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். சதுரமான அறை. கால் நீட்டினால் யார் காலும் இடிக்கவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்துப் பார்த்தாள்; டம்ளர் நகரவே இல்லை. ‘இதுதான் சொர்க்கம்’ என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். துறையில் நாற்பது பாய்மரங்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. உச்சியில் வாலுவின் பழைய மஞ்சள் சட்டையைக் கிழித்துக் கட்டிய துண்டு.

தன் வீடு தன்னை விட்டுவிட்டுப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பெண் அந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

சாவியை ரொட்டிக் கடையில் போட்டுவிட்டு ஓடிவந்தவளை, பல் துலக்கிக்கொண்டிருந்த ரேடியோ அக்கா பார்த்தாள். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

“அடியே! நீ இங்க இருக்க, உன் வீடு எங்கடி போகுது?”

“கூப்பிடுங்கக்கா, ரேடியோவுல கூப்பிடுங்க!”

அக்கா கத்தினாள். பதில் இல்லை. கேப்டன் போனுக்குப் போட்டாள். அதுவும் அணைந்து கிடந்தது. கேப்டனம்மாவின் போனோ படகிலேயே சார்ஜில் இருந்தது.

“வேணும்னே எடுக்கலையோ?” என்றாள் அக்கா. நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள் என்று சொல்ல முடியாது.

கேப்டனம்மா நினைத்ததுதான் நடந்திருக்கிறது. அவள் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல அக்கா வேறு. அவள் அழத் தொடங்கிவிட்டாள். படகுகளுக்கு எண்ணெய் ஊற்றும் டீசல்காரர்தான், “ஏறும்மா, அழுதுகிட்டே வா. காத்து இப்ப கம்மியாயிடுச்சு, பிடிச்சிடலாம்” என்று தன் மோட்டார் படகை விட்டார். அது கிழட்டு மோட்டார். ஊரையே கூட்டும்.

ஒரு மணி நேரத்தில் மஞ்சள் துண்டு கிட்டே வந்தது. சத்தம் கேட்டுக் கேப்டன் திரும்பினார். இரண்டு கையையும் வீசி ஏதோ சொன்னார். வாலு முன்பக்கமிருந்து ஓடிவந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். டீசல்காரர் மோட்டாரைத் தணித்தார்.

“யோவ், அறிவிருக்காய்யா உனக்கு?” என்று கேப்டன் குசுகுசுவென்று திட்டினார். “மோட்டார நிறுத்து! வீட்ல தூங்குது!”

“அஞ்சு மாசமா தூங்கல, அங்கிள். இன்னைக்குத்தான்...” என்ற வாலு, டீசல் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். விரல் உதட்டிலேயே இருந்தது. “அம்மா?”

கேப்டன் முன்னறைக் கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

“நீ உள்ள தூங்கலையா?”

“தூங்குற மூஞ்சியாங்க இது?”

“கதவுல செருப்பு தொங்குதே!”

அந்தப் படகில் அப்படி ஒரு சட்டம். கடலில் முறை வைத்துக் கண்விழிக்கிறவர்கள், தூங்கப் போகும்போது செருப்பைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். மாட்டியிருந்தால் புயலே வந்தாலும் தட்டக் கூடாது. கேப்டனம்மா முந்தின நாள் செருப்பைக் கழுவி அதே கொக்கியில் காயப்போட்டுவிட்டு, விடியுமுன்பே ஷூ மாட்டிக்கொண்டு போயிருந்தாள். விருந்தாளிகள் இறங்கியதும் ஆளுக்கொரு அறையாகப் படுத்திருந்ததால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை.

“விடியகாலம் நல்ல காத்து வந்துச்சு,” என்றார் கேப்டன், பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. “சரி, இன்னைக்கு எல்லா வேலையும் நாமளே பண்ணிடலாம், அவ எழுந்திரிக்கும்போது பாதி தூரம் போயிருக்கணும்னு... போனையும் ரேடியோவையும் அணைச்சிட்டேன். அந்தக்கா தொண்டை உனக்குத் தெரியாதா?”

கேப்டனம்மா தாவி ஏறினாள். நேராகச் சமையலறைக்கு இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படகு சாயும்போது பாத்திரம் உருளும், கரண்டி கிலுங்கும். அது கேட்கக் கூடாதென்று ஒவ்வொரு பாத்திரத்தையும் துண்டால் சுற்றிவைத்திருந்தார்கள். கரண்டிகளை ஒன்றொன்றாகத் துண்டில் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். கெட்டிலின் விசிலைக்கூடப் பிடுங்கி ஒரு சாக்ஸுக்குள் போட்டிருந்தாள் வாலு. சுற்றியதெல்லாம் விருந்தாளிகளுக்கான வெள்ளைத் துண்டுகள், கேப்டனம்மா நேற்றுத் துவைத்து மடித்தவை. இப்போது பதினாறிலும் கரி. அடுப்பில் கருகிய முட்டை ஒன்று அவளுக்காக மூடி வைக்கப்பட்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் அந்தத் துண்டுகளுக்காகவே ஒரு பிரளயம் நடந்திருக்கும். அன்று அவள் ஏணிப்படியில் உட்கார்ந்து ஒரு கரண்டியைப் பிரித்தாள். மறுபடி அதே மாதிரி சுற்றிவைத்தாள். இரண்டு பேரும் இருட்டில் கால்நுனியில் நடந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் தூக்கத்துக்காக ஒரு சமையலறையையே போர்த்திவிட்டதை நினைத்தால் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எந்த விருந்தாளியும் எந்தப் புத்தகத்திலும் இப்படி எழுதியதில்லை.

மேலே டீசல்காரர் குரல் கொடுத்தார். “அம்மா, நான் திரும்பணும். ஊர்ல யாருக்காவது எதாவது சொல்லணுமா?”

அவள் தலையை வெளியே நீட்டினாள். “ரொட்டிக் கடையில சொல்லிடுங்கண்ணே. ரூம் ரொம்ப நல்லா இருக்கு, எனக்கு வேணாம். கேட்ட வேற ஆளுக்கே குடுக்கச் சொல்லுங்க.”

“என்ன ரூம்?” என்றார் கேப்டன்.

அவள் மறைக்கவில்லை. புத்தகத்திலிருந்து ஜன்னல் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கேப்டன் சுக்கானைப் பிடித்தபடியே கேட்டார். பிறகு, “அடுத்த பருவத்துல நாலு வாரத்துக்கு ஒரு வாரம் யாரையும் ஏத்தல. பின்னறையில ஒண்ணு நமக்கு. போதுமா?” என்றார்.

“மூணு வாரத்துக்கு ஒரு வாரம்.”

“சரி.”

“அந்தத் துண்டெல்லாம் யாரு துவைப்பா?”

அப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்குள் ரேடியோ அக்கா துறை முழுக்கச் செய்தி பரப்பிவிட்டாள்: புருஷன் பெண்டாட்டியைக் கரையில் தள்ளிவிட்டு ஓடினானாம், அவள் துரத்திப் பிடித்து நாலு சாத்து சாத்தினாளாம். தெற்கே போகிற படகிலோ கேப்டனம்மா சுக்கானில் நின்றுகொண்டு, “இன்னும் நல்லா தேய்ங்க, கரி அப்படியே இருக்கு” என்று அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். கருகிய முட்டையை முழுசாகத் தின்று முடித்திருந்தாள்.