சிராப்புக்கு அஞ்சரை மணி

என்னிடம் ஐந்து நாய்கள் இருக்கின்றன. கேட்டவுடன் முகம் சுளிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவற்றால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஒரே ஒரு நாயை வைத்துக்கொண்டு தெருவையே நாறடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம், பாவம்.

பீடோங்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் தாமான், ஒரு சின்னக் குடியிருப்பு. இருபது வீடு. என்னுடையது கடைசி வீடு, வாடகைக்கு. கோப்பி, தேத்தண்ணி, மைலோ, பார்லி, சிராப் என்று ஐந்துக்கும் நிறத்தைப் பார்த்து, குடிக்கிற பானங்களின் பெயரை வைத்தேன். கோப்பி கறுப்பு, பார்லி வெள்ளை. சிராப் செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை. எல்லாமே யாரோ விட்டுவிட்டுப் போனவை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. நாய்களால்தான் ஆகவில்லை என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். முதல் நாய் வந்தபோதே எனக்கு நாற்பத்தைந்து. அதற்கு முந்திய வருடங்களுக்கு அவள் யாரைக் குற்றம் சொல்வாள் என்று தெரியவில்லை.

ஐந்து நாயை ஊர் வாயில் விழாமல் வளர்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. குருண் ஊரில் இருக்கிற தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் ஐந்தையும் செம்பனைப் பாதையில் நடத்திக் கொண்டுவர வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. வேலியின் அடிப்பக்கம் முழுக்கத் தகரம் அடித்திருக்கிறேன். ரோட்டில் போகிறவர்களின் கால் தெரிந்தால்தானே குரைப்பதற்கு?

பக்கத்து வீட்டு கக் சோம் மலாய்க்காரப் பெண்மணி, ஐந்து வேளையும் தொழுகிறவர். நாயின் ஈரம் மேலே படக்கூடாது. அவர் துணி காயப்போடும் பக்கம் என் பிள்ளைகள் போக முடியாதபடி இரண்டாவது வேலி ஒன்று கட்டினேன். ஆனால் சத்தத்துக்கு வேலி கட்ட முடியாதே. சூராவில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும்போது ஐந்தும் கழுத்தை நீட்டி ஊளையிட ஆரம்பித்துவிடும். எனக்குக் கூச்சமாக இருக்கும். யோசித்துப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தை அதற்கு மாற்றினேன். வாயில் சோறு இருந்தால் ஊளை எங்கிருந்து வரும்? நான் மறந்துபோனால் கக் சோமே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “குணா, மாக்கான்!” என்று சாப்பாட்டு நேரத்துக்குக் குரல் கொடுப்பார். நான் எழுவதற்குள் நாய்கள் தட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கும்.

வீட்டுக்காரர் லோகேஸ்வரன் பாக்கார் ஆராங்கில் இருக்கிறார். நல்ல மனிதர்தான். வீடு கொடுக்கும்போது ஒரே நிபந்தனை போட்டார். “நாய் இருக்கட்டும்க்கா. ஆனா ஒரு கம்ப்ளேன் வந்தாலும் எல்லாம் போவணும்லா.” நான்கு வருடமாக ஒன்றும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கர்வத்தில் மண்ணைப் போட வந்தவர் பிச்சை அண்ணன்.

எதிர்வீட்டுக் காளிதாசனின் அப்பா. அறுபத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான ஆள். பினாங்கில் மகள் வீட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்பு மகனிடம் வந்து சேர்ந்தார். சும்மா உட்கார மாட்டாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் புல் வெட்டப் போனார். போக வர ஒரு பழைய கப்சாய் மோட்டர் சைக்கிள். மாலை அஞ்சரைக்கு அது முச்சந்தியில் திரும்பும்.

அது திரும்புமுன்பே சிராப் எழுந்துவிடும். தகரத்தின் மேல் முன்கால்களை ஊன்றிக்கொண்டு கத்தும். குரைப்பு என்றும் சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு சத்தம். மற்ற நான்கும் என்ன ஏதென்று கேட்காமல் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். பிச்சை அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார். மோட்டரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வார். அதன் பிறகும் கால்மணி நேரம் ஓயாது.

தெருவில் எத்தனையோ மோட்டர் போகிறது, ரொட்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே போகிறான், எதற்கும் வாய் திறக்காத நாய் சிராப். எலும்பு போட்டுப் பார்த்தேன். உள்ளே பூட்டி வைத்து வானொலியைச் சத்தமாக வைத்தேன். வானொலிக்கு மேலே கத்தியது. அந்த மனிதர் என் பிள்ளையை எப்போதோ கல்லால் அடித்திருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரன் போன் செய்தார். “அக்கா, எதிர்வீட்டுப் பெரியவர் கம்ப்ளேன் பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நேர்ல வர்றேன். அவரு அப்பவும் அதையே சொன்னா, எனக்கு வேற வழி இல்லக்கா.”

ஐந்தையும் எங்கே கொண்டுபோய் விடுவேன்? ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்டவை அவை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

பிச்சை அண்ணன் கேசரியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “மத்தது இருக்கட்டும் தங்கச்சி. அந்தச் செவப்ப மட்டும் எங்கயாச்சும் தூரமா குடுத்துடு.”

“அது என்னாண்ணே உங்கள பண்ணுச்சு? கடிச்சுச்சா?”

நான் கோபமாக எழுந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே, “என்னா போடுற அதுக்கு?” என்று கேட்டார்.

“சோறும் கோழிக்கழுத்தும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். நாயை விரட்டச் சொல்கிறவர் கேட்கிற கேள்வியா அது? அப்போது எனக்கு உறைக்கவில்லை. கோபத்தில் எனக்கு எதுதான் உறைத்திருக்கிறது!

சனிக்கிழமை ஒரு யோசனை வந்தது. அஞ்சரைக்கு சிராப்பைக் கண்காணாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டால் ஒருநாளாவது அமைதியாக இருக்குமே. கழுத்தில் வாரைப் போட்டு, முச்சந்தி தாண்டி வெட்டவெளிக்கு நடத்திப் போனேன். என் நேரம், அன்றைக்குப் பார்த்து பிச்சை அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டார்.

மோட்டர் சத்தம் கேட்டதுதான் தாமதம், வார் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. கடித்துக் குதறப்போகிறது, தொலைந்தோம் என்று அலறிக்கொண்டே ஓடினேன். பிச்சை அண்ணன் பிரேக் போட்டுக் காலை ஊன்றினார். சிராப் அவரைக் கடிக்கவில்லை. ஒரே தாவலாகத் தாவி, அவர் முழங்கால்களுக்கு நடுவில், கால் வைக்கிற இடத்தில் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. முன்கால் இரண்டையும் கூடைமேல் வைத்து, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை. போகலாம் என்பதுபோல் வால் மட்டும் அவர் காலில் அடித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்களின் மோட்டரில் நாய்கள் அப்படித்தான் உட்காரும். காட்டுப்பன்றிக்கும் பாம்புக்கும் காவலாக விடியற்காலையில் கூடப் போகும். ஒருநாளில் வருகிற பழக்கமில்லை அது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“செவல” என்றார் பிச்சை அண்ணன். ஹேண்டிலைப் பிடித்தபடியே குனிந்து, அதன் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் பால் வெட்டுன தோட்டத்த வித்துட்டாங்க. லோரியில சாமான் ஏத்துனோம். மக வீடு ஃப்ளாட்டு, நாய் விடமாட்டாங்க. அதுகிட்ட சொல்றதுக்கு வாய் வரல, தங்கச்சி. பேசாம லோரில ஏறி உக்காந்துட்டேன். பாலம் வரைக்கும் பின்னாலயே ஓடி வந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல.”

அந்தப் பாலம் எனக்குத் தெரியும். போன வருடம் வேலைக்குப் போகும் வழியில் மூன்று நாள் பார்த்தேன், அந்தப் பாலத்தின் மேல் சிராப் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை. நாலாம் நாள் தூக்கி வந்துவிட்டேன்.

“அப்புறம் ஏண்ணே கம்ப்ளேன் பண்ணீங்க?”

“தெனமும் கூப்புடுது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அது முன்னால போய் நிப்பேன்? கண்ணுல படாம இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். தப்புதான்.”

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வதுதான் முறை. எனக்குச் சொல்ல வரவில்லை. ஒரு வருடமாக என் கட்டிலுக்கு அடியில் படுக்கிற பிள்ளை அது. அவரே புரிந்துகொண்டார்போல. “பேரனுக்கு மூச்சு வாங்குற நோவு. வீட்டுல வைக்க முடியாது. ஒன்கிட்டயே இருக்கட்டும்” என்றார். எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் யோசிக்காமல் சொன்னேன், “தெனமும் அஞ்சரைக்கு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரன் அஞ்சேகாலுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். நான்கு நாய்கள் தூங்கின. சிராப் கேட்டருகில் உட்கார்ந்திருந்தது. அஞ்சரைக்கு எதிர்வீட்டிலிருந்து கப்சாய் வந்து என் வாசலில் நின்றது. நான் கேட்டைத் திறக்க, சிராப் போய்த் தன் இடத்தில் ஏறிக்கொண்டது.

லோகேஸ்வரன் திகைத்துப்போய், “ஐயா, நீங்கதான கம்ப்ளேன் பண்ணது?” என்று கேட்டார்.

“நாந்தான். எம்மேல பண்ண வேண்டியத இந்தத் தங்கச்சி மேல பண்ணிட்டேன் தம்பி. விட்டுடு” என்று சொல்லிவிட்டு பிச்சை அண்ணன் மோட்டரைக் கிளப்பினார்.

தாமானைச் சுற்றி மெதுவாக ஒரு ரவுண்டு. திரும்பி வந்ததும் சிராப் இறங்கியது. அவர் எதிர்வீட்டுக்குள் போகும்போது பழையபடி கத்த ஆரம்பித்தால், லோகேஸ்வரன் வேறு இன்னும் நிற்கிறாரே.

பிச்சை அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். மூட்டு வலியோடு மண்டி போட்டு, அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு அஞ்சரைக்கு வர்றேன், செவல. இப்ப போயிட்டு வர்றேன்.”

அதன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றைக்கு லோரியில் ஏறும்போது சொல்லாமல் போனதை.

எதிர்வீட்டுக் கதவு சாத்தும்வரை சிராப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு தானாக உள்ளே வந்து, மற்ற நான்கோடும் போய்ப் படுத்துக்கொண்டது. சத்தமே போடவில்லை.