நூறாவது நாடும் கெங்கம்மாவின் ஐஸ் பெட்டியும்

கல்மண்டபம் பக்கம் எங்கள் சந்தில் என்னைக் காட்டி யாரென்று கேட்டால், "மொட்ட மாடில கம்பி கட்டிக்கினு பேசுவாரே, அவரு" என்பார்கள். உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரன் என்று நான் சொல்லிக்கொள்வது எனக்கு மட்டும்தான் கேட்கும். வேலை, துறைமுகத்துக்குப் பக்கத்து யார்டில் கன்டெய்னர்களின் எண்களைச் சரிபார்ப்பது. ஓய்வு நேரத்திலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். காற்றில் வரும் அழைப்புக்குறிகளை, அதாவது மற்ற ரேடியோக்காரர்களின் அடையாள எண்களை, கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

பதின்மூன்று வருடத்தில் தொண்ணூற்றொன்பது நாடுகளோடு பேசியிருக்கிறேன். பேசினேன் என்பது கொஞ்சம் அதிகம். யார் அதிகம் பேரோடு பேசுவது என்ற போட்டி நாட்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்வது "ஃபைவ் நைன்." உங்கள் குரல் கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம். கேட்காவிட்டாலும் அதையேதான் சொல்வோம். "ஃபைவ் நைன், ஒன்றும் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று சொல்ல எங்களில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

நூறு நாடு சேர்ந்தால் சான்றிதழ் தருவார்கள். அதற்கு ஃபிரேம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. என் மனைவி யசோதரா அதில் கேஸ்காரன் நம்பரை எழுதிச் செருகி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் கடைசியில் உலகப் போட்டி வந்தது. பசிபிக்கில் ஒரு பொட்டுத் தீவுக்கு ஐந்து பேர் படகில் போய் ஆன்டெனா நட்டிருந்தார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அங்கே எவன் போவானோ, எந்த வருடமோ. எங்கள் கணக்கில் அந்தத் தீவும் ஒரு நாடு. எனக்கு அதுதான் நூறாவது.

ஆனால் ஒரு மாதமாக என் ரேடியோவில் மாவு மில் மாதிரி ஓர் இரைச்சல். கையடக்க ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு சந்து முழுக்கச் சுவர் சுவராகத் தடவினேன். ஸ்கோர் கேட்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் விக்கெட் விசாரித்தார்கள். இரைச்சல் அதிகம் கேட்ட இடம் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவின் சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் ரேடியோ அறை. அந்தப் பக்கம் கரண்டில் ஓடும் அவருடைய ஐஸ் பெட்டி, அதற்குள் காசிமேட்டில் விற்றது போக மிஞ்சிய மீன். எனக்கு ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

ஞாயிறு நான்கு மணிக்குப் போய் நின்றேன். பெட்டியை அரை மணி நேரம் அணைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"உள்ள வஞ்சிரம் கீது, நைனா. அது கெட்டா நீ துன்றியா?"

"அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆவாதுக்கா. இரைச்சல் இதுலேர்ந்துதான் வருது. டெஸ்ட் பண்ணிட்டேன்."

"கோதண்டம் கடலுக்குப் போனா பத்து நாளு பேச்சே இல்ல. அவன்கிட்ட பேசித் தர்றியான்னா மாட்டேன்ற. எவனோ தீவுக்காரன்கிட்ட மட்டும் பேசுவியா?"

கோதண்டம் அவர் தம்பி. விசைப்படகுக்குப் போகிறவர். படகுகளோடு பேச என் உரிமம் இடம் தராது என்பதை ஏழாவது முறையாக விளக்கினேன். ஏழாவது முறையாகவும் அது சாக்கு மாதிரியே ஒலித்தது.

கெங்கம்மா பிளக்கில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "நிறுத்துறேன். இது மேல தப்பு இல்லன்னா, என் மாடில கட்டிக்கிற கம்பிய நீ அவுத்துடணும். துணி காயப் போட முடியல."

என் ஆன்டெனாவின் மறுமுனை அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் காலில்தான் இருந்தது. அதை அவிழ்த்தால் மிஞ்சுவது கொடி கட்டக்கூட உதவாத கம்பி. எனக்குச் சந்தேகமே இல்லாததால் சரி என்றேன்.

அவர் பிளக்கைப் பிடுங்கியதும் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அதற்கடியில் ஒரு குரல் தீவின் பெயரைச் சொல்வது மாதிரியும் சொல்லாதது மாதிரியும் இருந்தது. இருபது நிமிடம் கத்தினேன். யாரும் சட்டை செய்யவில்லை.

யசோதரா வாசலில் நின்றாள். "நம்ம வூட்ல மெயின நிறுத்திப் பாத்தியா?"

"நம்ம வீட்டுல எல்லாம் நான் பாத்துப் பாத்து வாங்குனது."

"ரேடியோ பேட்டரிலதான ஓடுது?"

பதில் சொல்வதற்குள் போய் மெயினைத் தட்டிவிட்டாள். மின்விசிறி நின்றது, இரைச்சலும் நின்றது. அந்த வெறுமைக்குள் ஒருவர் நிதானமாகத் தீவின் அழைப்புக்குறியைச் சொல்லிக்கொண்டிருந்தார், எதிர்வீட்டில் பேசுகிற மாதிரி. மூன்றாவது முறை கூப்பிட்டதும் என் குறியைத் திருப்பிச் சொன்னார். ஃபைவ் நைன் என்றார். நானும் ஃபைவ் நைன் என்றேன். பன்னிரண்டு விநாடியில் எல்லாம் முடிந்தது.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது கெங்கம்மா வாசற்படியேறி வந்திருந்தார்.

"அர மணி ஆச்சு. நின்னுச்சா?"

அந்த நேரம் உண்மையிலேயே நின்றுதான் இருந்தது. அவர் பெட்டியும் அணைந்திருந்தது, என் மெயினும் அணைந்திருந்தது. மெயின் விஷயம் அவருக்குத் தெரியாது. "நின்னுச்சுக்கா" என்றால் கம்பி தப்பிக்கும். பதின்மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டதாகச் சொல்லிப் பழகிய வாய்.

"நின்னுச்சுக்கா," என்றேன்.

கெங்கம்மாவின் முகம் இறங்கிவிட்டது. "அப்போ பெட்டிய மாத்தணுமா?"

யசோதரா ஓடாமல் நிற்கிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, ஃபேன் ஓடல?"

"மெயின் ஆஃப்ல இருக்குக்கா," என்றேன். "அதை நிறுத்துனதும்தான் நின்னுச்சு. உங்க பெட்டி இல்ல."

மெயினைப் போட்டதும் மாவு மில் திரும்பியது. கெங்கம்மா மீன் செவுளைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். கடைசியாகப் பொதுச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் அடாப்டரைப் பிடுங்கினார். அறை அமைதியானது.

அது போட்டிக்கென்றே போன மாதம் நான் வாங்கியது. போட்டிக் கணக்கு எழுத வேண்டிய லண்டன் நேரம் காட்டும். இந்தச் சந்தில் அந்த நேரம் வேறு யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

சொன்ன வார்த்தைப்படி மாடிக்குப் போனோம். தொட்டிக் காலில் இருந்தது கோதண்டம் கட்டித் தந்த முடிச்சு. கால் மணி நேரம் போராடியும் என் நகம்தான் பெயர்ந்தது. கத்தி கொண்டுவரக் கிளம்பினேன்.

"அறுத்துடாத," என்றார் கெங்கம்மா. "அது அவன் வலைக் கயிறு. அவன் வந்து அவுப்பான்."

"எப்பக்கா வருவாரு?"

"நேத்துதான் போனான்."

பிறகு, பெட்டியைப் போட வேண்டும் என்று இறங்கப் போனவர் பாதிப் படியில் நின்றார்.

"அந்தத் தீவுக்காரனுக்கு நீ பேசுனது நல்லா கேட்டுச்சாமா?"

"நல்லா கேக்குதுன்னுதான் சொன்னாரு," என்றேன். "அத எல்லார்கிட்டயும் சொல்வாங்கக்கா."