தேவகி அக்கா முகத்தில் ஓர் ஒட்டு

சேவூர் தேவகி அக்காவின் படத்தை இருபதடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லி, புதிதாகத் திறக்கும் பட்டுக்கடைக்காரர்கள் எங்கள் பிரிண்டிங் கடையில் ஆர்டர் கொடுத்தார்கள். முப்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர். படத்தில், தான் நெய்த புடவையின் பார்டரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். அவ்வளவு அகலம் எங்கள் மெஷினில் வராது. இடது பாதி, வலது பாதி என்று இரண்டு துண்டாக அடித்து ஒட்ட வேண்டும். ஆபரேட்டர் நான்தான். இடது பாதி முடிந்ததும் ரோல் தீர்ந்தது. கைக்குக் கிடைத்த வேறு ரோலை மாட்டிவிட்டேன். ரோல் மாறினால் மெஷின் இழுப்பது மாறும், அடிக்கும் நீளமும் மாறும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தால் வலது பாதி மூன்று விரல் குட்டை. மேலே கண்ணைச் சேர்த்தால் கீழே பார்டர் உடைகிறது. பார்டரைச் சேர்த்தால் அக்காவுக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. சாயங்காலம் கடைத் திறப்பு. அக்காவே வருகிறார். மறுபடி அடிக்க ரோலும் இல்லை.

எங்கள் கடையில் ஒட்டு வேலை அபிதகுசாம்பாளுடையது. தினமும் சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வருபவள்.

"பார்டரச் சேத்துடு," என்றேன். பட்டு நெய்கிற ஊர் ஆரணி. இங்கே முகம் கோணினால் யாரும் கேட்க மாட்டார்கள். பார்டர் கோணினால் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து கேட்பார்கள்.

"மூஞ்சிய இன்னாணா பண்றது?"

"அத யாரு பாக்கப்போறா?"

"இந்தப் பார்டரு அம்பது புடவைல வரும்ணா. அக்கா மூஞ்சி வேற எங்க வரும்?"

சொல்லிவிட்டுக் கண்ணோடு கண்ணைச் சேர்த்து அங்கிருந்தே ஒட்ட ஆரம்பித்தாள். "ஜல்தி பண்ணு, பேஜார் பண்ணாத," என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. குட்டைப் பாதியை வெயிலில் காயவிட்டு, அது இளகும்வரை காத்திருந்தாள். பிறகு முழங்காலால் அழுத்திக்கொண்டு, உள்ளங்கையால் இழுத்து, ஒரு சாண் ஒட்டினாள். மறுபடி காத்திருந்தாள். அது எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் இழுத்தாள், ஒரு நூல்கூட அதிகம் கேட்கவில்லை. கழுத்துக்கு வந்தபோது பாக்கி இரண்டு விரல்தான். தோளுக்கு வந்தபோது ஒரு விரல். நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். பார்டரில் மாங்காய் டிசைனின் ஒரு பாதி மறுபாதியோடு போய்ப் பொருந்தியபோது நான் குனிந்து ஒட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மூன்று விரல் பிழையை இருபதடிக்கும் பங்குபோட்டுக் காணாமல் அடித்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் தேவகி அக்கா போர்டுக்குக் கீழே வந்து நின்றார். முதலில் பார்டரைத்தான் பார்த்தார். உதடு அசைய மாங்காய்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணினார்.

"சரியா கீது," என்றார்.

பிறகுதான் தலையை நிமிர்த்தினார். தன் முகத்தைக் கண்ணிலிருந்து கழுத்துவரை பார்த்தார். பக்கத்தில் நின்ற அபிதகுசாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருசமா பார்டரு நல்லா கீதுன்னு ஊரே சொல்லிகினு கீது கண்ணு. என் மூஞ்சிய இப்பதான் பாக்கறாங்கோ."