வெள்ளைக் கோடு போட்ட வயர்

என் மனைவியின் பேச்சில் இரண்டு ஆண்கள் உண்டு. ஒருவர் 'அவரு'. இன்னொருவர் 'இவரு'. அவரு என்பது இறந்துபோன முதல் கணவர். இவரு என்பது நான். தன் அக்காவிடம் போனில் பேசும்போது, "அவரு இருந்தப்போ இந்த மிக்சி ஒரு நாள்கூட நின்னதில்லக்கா. இவரு பாத்துக்கிட்டு இருக்காரு," என்பாள். குத்திக் காட்டவெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குக் குத்தும். பக்கத்தில் நிற்கிறவனை இவரு என்பதும் தூரத்தில் இருப்பவரை அவரு என்பதும் இலக்கணப்படி சரிதான். ஆனால் ஊரிலுள்ள மனைவிமார் எல்லாம் புருஷனை அவரு என்றுதானே சொல்கிறார்கள்? அந்த நாற்காலி இன்னும் காலியாகவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் மனதுக்குள் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சீனியர்.

சீனியர் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்தவர். பாம்புக் காதாம். மாடி வீட்டு மின்விசிறியில் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதைக் கீழே இருந்தபடியே சொல்லிவிடுவாராம். நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கும் காது உண்டு, மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தத் தளத்தில் பெட்டி சிக்கியிருக்கிறது என்று சொல்லுவேன். ஆனால் அதை யாரும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்வதில்லை.

சீனியர் விட்டுப்போனவற்றில் பெரியது அந்தக் கார். இரண்டே கதவு, சிவப்பு நிறம், தரையைத் தடவிக்கொண்டு போகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் இரண்டு இருக்கைகள் பெயருக்கு இருக்கின்றன. அதில் உட்கார வேண்டுமென்றால் காலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். அவள்தான் ஓட்டுவாள். கண்ணாடிக் கடையில் வேலை, மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துகிறாள். தினமும் அந்த வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவாள். "இந்த வண்டில பாட்டு கேட்டா வேற எங்கயும் கேக்கத் தோணாதுக்கா," என்று அதற்கும் ஒரு போன்.

சரி, எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. பின்பக்க ஸ்பீக்கர்கள் கிழிந்துபோயின. பாடகரின் குரலோடு 'கர்ர்' என்று ஒரு சத்தம் சேர்ந்து வந்தது. அவள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "என்னங்க, பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டையும் மாத்திடுவோமா? உங்களுக்கு முடியுமா?" என்று கேட்டாள்.

முடியுமாவா? அன்று சாயங்காலமே வாங்கி வந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஸ்பீக்கர் பெரிய விஷயமில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். 'முன்ன இருந்ததைவிட இப்ப நல்லா இருக்கு.' அவள் வாயால் இதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மிக்சி, மின்விசிறி, பாம்புக் காது எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனேன். பின் இருக்கையின் மெத்தையை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன். முதுகு சாயும் பலகையை போல்ட் கழற்றி வெளியே வைத்தேன். பக்கவாட்டு அட்டையை மெதுவாக நெம்பியதும் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. ஒன்று மட்டும் உடைந்து உள்ளே விழுந்தது. அதற்கும் சீனியரைத்தான் திட்டினேன்.

ஸ்பீக்கரைக் கழற்றினால் அடியில் ஒரு மர வளையம். ஸ்பீக்கர் ஓட்டைக்குச் சரியாக உட்காருவதற்காகப் பலகையில் அறுத்துச் செய்திருந்தார். விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி, திருகாணி போகும் துளைகளைக்கூடச் சீராகத் துளைத்திருந்தார். யாரும் பார்க்கப் போகாத இடத்தில் எதற்கய்யா சாயம்? எனக்கு வயிறு எரிந்தது. மனிதர் செத்தும் என்னை நிம்மதியாக வேலை செய்ய விடவில்லை.

அப்புறம்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடாத குறையாகக் குற்றம் தேட ஆரம்பித்தேன். வயர்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே வகை, கறுப்பு வயர் ஜோடி. அதில் ஒன்றின் மேல் மட்டும் நீளமாக வெள்ளைக் கோடு. பாட்டுப் பெட்டியின் பின்னால், முன் கதவுகளில், வலது பின்பக்கத்தில், எங்கே பார்த்தாலும் கோடு போட்டது ப்ளஸ். சீனியரின் ஒழுக்கம் அப்படி. இடது பின்பக்கத்துக்கு வந்தேன்.

கோடு போட்ட வயர் மைனஸில் இருந்தது.

ஒரு நிமிடம் நம்பவில்லை. டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, இரண்டு பக்க வயரிலும் ஒரே மாதிரி வைத்துத் தொட்டுப் பார்த்தேன். வலது ஸ்பீக்கரின் நடுவிலுள்ள காகிதக் கூம்பு வெளியே வந்தது. இடது ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போனது. ஒன்று மூச்சை விடும்போது மற்றது இழுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்தால் தாளத்தின் கனமெல்லாம் காற்றில் கரைந்துபோகும். குரல் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். இத்தனை வருஷமும் இவள் அக்காவிடம் மெச்சிக்கொண்ட பாட்டு இந்த லட்சணத்தில்தான் பாடியிருக்கிறது!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாம்புக் காது, ஒலிப்பதிவு, மர வளையத்துக்குச் சாயம். கடைசியில் ப்ளஸ் எது மைனஸ் எது என்று தெரியவில்லை பெரிய மனிதருக்கு. பேசாமல் வயரைச் சரியாக மாற்றி, புது ஸ்பீக்கரை மாட்டி, பாட்டைப் போட்டிருந்தால் நான் கேட்க ஏங்கிய வாக்கியம் தானாக வந்திருக்கும். ஆனால் எனக்கு அது போதவில்லை. அவர் தப்புச் செய்ததை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. போன் போட்டு அவளைக் கீழே வரச்சொன்னேன்.

ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க, ஏதாவது ஒடஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் ஒடையல. இங்க வா, ஒரு வேடிக்கை காட்டுறேன்."

பேட்டரியை வைத்துக் காட்டினேன். வலது பக்கம் வெளியே, இடது பக்கம் உள்ளே. அவள் குனிந்து கவனமாகப் பார்த்தாள்.

"ஏன் ரெண்டும் வேற வேற பக்கம் போகுது?"

"ஏன்னா ஒண்ணை மாத்தி மாட்டியிருக்கு. கோடு போட்ட வயர் ப்ளஸ்ல போகணும். இங்க மைனஸ்ல போயிருக்கு. லிஃப்ட் கம்பெனில இப்படி மாட்டினா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க." எனக்கு வாய் நிற்கவில்லை. "இத்தனை நாளா பாதிப் பாட்டுதான் கேட்டிருக்க நீ. எந்த மகராசன் மாட்டினாரோ, கைக்கு மோதிரம்தான் போடணும்."

அவள் இடது பக்க வயரைக் கையில் எடுத்தாள். கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"இது அவரு மாட்டல. நான் மாட்டினது."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வயரைப் பார்த்தே சொன்னாள். மர வளையங்களைச் செய்து முடித்த பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கிறது. குனிந்து பின்னால் நுழைய முடியவில்லை. அவர் முன்சீட்டில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, இவள் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து மாட்டியிருக்கிறாள்.

"வலது பக்கம் சொல்லிக் குடுத்தாரு. இடது பக்கம் வர்றதுக்குள்ள மாத்திரை வேகத்துல தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரல. எது எங்கன்னு மறந்துபோச்சு. கோடு இருக்கே, மைனஸும் கோடுதானே, அதான் இதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்." சிரித்தாள். "முட்டாள்தனமா இருக்கு இல்ல?"

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. 'பரவாயில்லை, யாருக்கும் வருகிற தப்புதான்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த முன்சீட்டு, அந்தத் தூக்கம், எழுப்ப மனசு வராத அந்த மனசு, இதெல்லாம் எனக்குள் போய் எரிந்தது. எனக்காக இவள் இப்படி எதற்குள்ளாவது நுழைந்ததுண்டா? ஒரு பல்பு மாற்றியதுண்டா? மிக்சி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறாள். கோபத்தில் திரும்பவும் சீனியர் மேலேயே பாய்ந்தேன்.

"நீ மாட்டினது சரி. உனக்குத் தெரியாது. அவரு எழுந்து கேட்டிருப்பாருல்ல? அவருக்குமா தெரியல? இது சின்னப் பிள்ளைக்கே தெரியும். முதல் வரியிலயே தெரியும். மாடி வீட்டு ஃபேன்ல திருகாணி லூசுன்னு சொல்ற மனுஷனுக்குத் தன் காதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் தலைகீழா பாடுறது தெரியாமப் போகுமா?"

சொல்லி முடித்தபிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

அவள் நிமிர்ந்தாள். வயர் இன்னும் கையில் இருந்தது. முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஏதோ வந்து நிறைந்தது. என்னோடு இருந்த நாளில் ஒரு முறைகூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

நான் பேட்டரியைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"தெரிஞ்சிருக்கும்ங்க. பாட்டு போட்டதும் கண்ணை மூடிக் கேட்டாரு. அரைப் பாட்டு வரைக்கும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் பிரமாதம்னாரு. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, பின்னாடி சத்தத்தைக் கூட்டி வை, நீ போட்டது கேக்கணும்னு சொல்வாரு." அவள் குரல் உடைந்தது. "கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல பாருங்களேன்."

மெத்தை இல்லாத பின்பகுதியில், தகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. நான் கையில் பேட்டரியோடு நின்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைப் பார்த்திருக்கலாம். அவர் இறந்தபிறகு அவரைப் பற்றி இவளுக்குப் புதிதாக எதுவும் தெரிய வழியில்லாமல் இருந்தது. இருந்த நினைவுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழசாகிக்கொண்டிருந்தன. நானும் அதைத்தான் நம்பிக் காத்திருந்தேன். இப்போது நானே தோண்டி எடுத்து, தூசி தட்டி, புத்தம் புதிதாக ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

"அப்படியே மாட்டட்டுமா?" என்று கேட்டேன். "பழைய மாதிரியே?"

அவள் ஆமாம் என்றால், நான் என் கையால் ப்ளஸ்ஸை மைனஸில் மாட்ட வேண்டும். அதையும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எதுக்கு? சரியாவே மாட்டுங்க. தப்புன்னு தெரிஞ்சபிறகு கேக்க என்னால முடியாது. அதுக்கெல்லாம் அவருதான் வேணும்."

சரியாக மாட்டினேன். சாயம் பூசிய வளையத்தின் மேலேயே புது ஸ்பீக்கர்களை உட்கார வைத்தேன்; வேறு வளையம் செய்ய எனக்குப் பிடிவாதம் இருந்தது, நேரம் இல்லை. கோடு போட்டது ப்ளஸ், இரண்டு பக்கமும். அட்டையை அழுத்தினேன், பலகையை ஏற்றினேன், மெத்தையைப் போட்டேன். உடைந்த கிளிப் இருந்த மூலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாட்டைப் போட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீனியர் தூங்கிய இருக்கை. தாளம் கனமாக, முதுகில் வந்து மோதியது. குரல் நட்ட நடுவில் நின்றது. நல்ல வேலை, நான் செய்ததென்பதற்காகச் சொல்லவில்லை.

பாட்டு முடியும்வரை கேட்டாள். "முன்ன இருந்ததைவிட இப்ப நல்லா இருக்கு," என்றாள்.

வந்துவிட்டது. எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. ஆனால் சொல்லும்போது அவள் கை சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, நான் ஏதாவது தப்பா செஞ்சா நீங்க உடனே சொல்லிடுவீங்க, இல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. கடைக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிற குரல்.

"சொல்லிடுவேன்," என்றேன்.

"அதுவும் நல்லதுதான்," என்றபடி கதவைத் திறந்து இறங்கினாள்.

'அது நல்லதுதான்' என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.