குச்சிப்பூச்சிக்காரி

விலங்குக்காட்சி சாலையில் பூச்சிக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் பூச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவள் குச்சிப்பூச்சிகளின் பெட்டியில் வாடிய இலைகளை எடுத்துவிட்டுப் புதுக்கிளை செருகிக்கொண்டிருந்தாள். யாரோ ஊன்றுகோலால் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்று திரும்பினாள். கோணிய வாயோடு அவள் புருஷன் நின்றிருந்தார். மகன் நடை பழகுகிற வயதில் இன்னொருத்தியோடு போனவர்.

"எங்கே பூச்சி? வெறும் குச்சிதானே இருக்கு?"

"நீங்க குச்சின்னு பாக்குறதுதான் பூச்சி."

"இதுல ஆம்பளை எது?"

"இந்த வகையில ஆம்பளையே தேவையில்லை. தானே முட்டை போட்டுத் தானே பெருகும்."

"அப்ப உனக்கு ஏத்த வேலைதான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதி வாயில்தான் வந்தது. பக்கவாதம் வந்ததும் அந்த இன்னொருத்தி கைகழுவிவிட்டாளாம். இப்போது போக்கிடம் இல்லையாம்.

"வந்த வழியப் பாத்துப் போங்க" என்றாள். அவர் தடியை ஊன்றி ஊன்றி வெளியேறியதும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அவள் கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். மகன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளாவே போன்ல பேசிட்டுதாம்மா இருந்தோம். நீ வேலை பாக்குற இடத்தையும் நான்தான் சொன்னேன். என்ன இருந்தாலும் அப்பாவாச்சே."

"அப்ப நான் யாருடா?"

"நீ திடமா இருக்கியேம்மா. அவரைப் பாரு, தடி இல்லாம நிக்கக்கூட முடியலை."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தவளுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. திடமாக இருந்ததற்கு இதுதானா கூலி? மாற்றுத்துணியைப் பையில் திணித்தாள்.

"எங்கம்மா போறே?"

"உன் சித்தி வீட்டுக்கு. உங்கப்பாவை நீயே வச்சுப் பாத்துக்கோ."

கட்டிலில் இருந்தவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் வேலை நேரத்தில் மகன் போன் செய்தான். "குளிப்பாட்ட விடமாட்டேங்குறார்மா. நீதான் வரணுமாம்."

"அவர் கேக்குறாரா, நீ கேக்குறியா?"

"நான் வேலைக்குப் போகணும்ல" என்றான்.

அவள் போகவில்லை. அன்றும் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. அவனும் விடாமல் கூப்பிட்டான்: மாத்திரை எது, துணி எங்கே, எப்போ வருவே. சித்தி வீட்டுல எங்கே படுக்குறே, சாப்பிட்டியா என்று ஒருநாளும் கேட்கவில்லை.